கடைமடைக்கு வந்து சேரும் நீரே கணக்கு

மேட்டூர் அணை அதன் முழு மட்டமான 120 அடியை எட்டிவிட்டதால் காவிரி டெல்டா சாகுபடிக்குக் கவலையில்லை என்று உங்கள் இதழில் வந்த கட்டுரை கூறுவது, நீர் முதலில் வந்து சேரும் தலைமடைக்கே பொருந்தும். ஜூன் 12-இல் அணை திறக்கப்பட்டாலும், அந்நீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிந்து, கிளை வாய்க்கால்களுக்குள் புகுந்து, பாசனத்தின் கடைசி முனையான கடைமடையில் உள்ள திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்து வயல்களைத் தொடுவதற்குள் விதைப்புப் பருவமே தவறிவிடுவதுண்டு. வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு, மதகின் ஷட்டர் துருவேறித் திருகவே முடியாமல் நிற்கும் இடத்தில் அணையின் நீர்மட்டம் எதைச் சொல்லும்? தண்ணீர் வரும் வாரத்தில்தான் தூர்வாரத் தொடங்குவது (அதுவும் பெரும்பாலும் கரைப்புல்லைச் செதுக்குவதோடு சரி) எங்கள் பகுதியில் வழக்கமாகிவிட்டது. நிலத்தடியில் உப்புநீர் ஏறும் கடலோர ஊர்களுக்குக் காவிரி குடிநீருக்கும் வேண்டும். இனி அணைமட்டத்தோடு கடைமடை மதகுகளின் நீரளவையும் வெளியிட வேண்டுகிறேன்.