பட்டுப்போன மரத்தை விட்டுவையுங்கள்

புதர்க்காட்டைப் பார்த்தால் பலருக்குக் கை சும்மா இருப்பதில்லை. பட்டுப்போன மரத்தைச் சாய்த்து, காய்ந்த கிளையெல்லாம் குவித்து எரித்துவிட்டு, 'சுத்தம் செய்தோம்' என்று படம் போடுகிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தாலே மனசு பதறுகிறது. அடுத்த வருஷத்து ஆவாரங்காய் அந்தக் கட்டைக்குள் அல்லவா இருந்தது! பூவைக் காயாக்கும் கருவண்டு கூடு வைப்பது அங்கேதான்.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. தேடி வருகிறவர்களுக்கு மகரந்தம்தான் கூலி, அதுவும் லேசில் கிடைக்காது. பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துத் திறக்கும். ஆவாரையில் நுனியில் சிறு துளை மட்டும்தான். பூவை இறுகப் பிடித்துக்கொண்டு, சிறகை அடிக்காமல், பறக்க உதவும் தசைகளை மட்டும் அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும். பக்கத்தில் நின்றால் ரீங்காரம் சட்டென்று கூர்மையாவது காதுக்கே கேட்கும். தேன்பெட்டியில் வளரும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. சிந்தியதைப் பொறுக்கிப் போகும், அவ்வளவுதான்.

எருக்கின் கதை வேறு. அதன் மகரந்தம் தூளே அல்ல, மெழுகு போன்ற பொட்டலம். தேன் குடிக்க வரும் பூச்சியின் காலில் மாட்டிக்கொள்ளும். பூவிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போகவே வலு வேண்டும். அப்புறம் இன்னொரு பூவின் குறுகிய பிளவில் அது சரியாகச் செருகவும் வேண்டும். செருகிவிட்டால் காய் நிறையப் பஞ்சு விதைதான்.

இந்த இரண்டு வேலைக்கும் கெட்டிக்காரி கருவண்டு. பெயர்தான் வண்டு, இனம் தேனீ. பெண் வண்டு காய்ந்த கட்டையைத் தாடையால் குடைந்து, மரத்தூளால் அறை அறையாகத் தடுக்கும். ஒவ்வோர் அறையிலும் மகரந்தமும் தேனும் பிசைந்த உருண்டை ஒன்று, அதோடு ஒரே ஒரு முட்டை. ஆயிரக்கணக்கில் பெருகும் கூட்டம் இல்லை இது. கட்டை எரிந்தால் அந்தத் தலைமுறையே போயிற்று.

அப்படி வெறிச்சோடிய இடத்தில் உன்னிச்செடி சுலபமாக நுழைந்துவிடுகிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பிப் பல நாட்டுப் புதர்க்காடுகளை மூடியிருக்கும் செடி அது. அதன் பூவுக்கு வரப் பட்டாம்பூச்சிகள் எங்கும் உண்டு, பழத்தைத் தின்று விதையைப் பரப்பப் பறவைகளும் உண்டு. ஆவாரைக்கு அந்த வசதி இல்லை.

தீ பயம் என்பார்கள். சரி, காய்ந்த புல்லை அறுங்கள், சருகை ஒதுக்குங்கள். தடித்த கட்டையை மட்டும் தொடாதீர்கள். அதில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளையும், கீழே புது மரத்தூளும் தெரிந்தால் உள்ளே ஒரு தாய் வேலையில் இருக்கிறாள்.