லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110-க்கு எந்த எம்ஓடி?

எம்ஓடி என்பது பிரிட்டனில் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனை; வண்டியின் வகையைப் பொறுத்து அதில் பல கிளாஸ்கள் உண்டு. "டிஃபெண்டர் 110 பாரத்தோடு மூன்று டன்னைத் தாண்டும், அதனால் பிரிட்டனில் கிளாஸ் 7 எம்ஓடிதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. இதை நம்பி யாரும் வேறு கராஜ் தேடி அலைய வேண்டாம்.

கிளாஸ் 7 சரக்கு வண்டிகளுக்கானது. முழுப் பாரத்தோடு 3,000 கிலோவுக்கு மேல், 3,500 வரை. எட்டுப் பயணிகள் வரை உட்காரும் கார், எடை எதுவானாலும் கிளாஸ் 4. ஆளும் சரக்கும் ஏற்றுகிற நான்கு சக்கர இயக்க வண்டியும், வெறும் எடை 2,040 கிலோவைத் தாண்டாவிட்டால், கிளாஸ் 4தான்.

சரி, உண்மையில் கவனிக்க வேண்டியது பிரேக் சோதனை. 2016 வரை வந்த பழைய டிஃபெண்டரில் எஞ்சின் எப்போதும் நான்கு சக்கரங்களையும் சேர்த்தே சுழற்றும். பிரேக்கைச் சோதிக்கச் சக்கரங்களைச் சுழற்றும் உருளையான ரோலரில் ஒரு அச்சை மட்டும் ஏற்றிச் சுழற்றினால் டிரான்ஸ்மிஷன் கெட்டுப்போகலாம். ஹேண்ட்பிரேக்கும் சக்கரத்தில் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்: எஞ்சின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்குப் பின்னால், பின் அச்சுக்குப் போகும் சுழல் தண்டு (புரொப்ஷாஃப்ட்) தொடங்கும் இடத்தில் ஒரு டிரம் இருக்கும், அதுதான். அதை ரோலரில் சோதிக்கவே கூடாது.

வேகக் குறைவை அளக்கும் கருவியை வண்டிக்குள் வைத்துச் சாலையில் ஓட்டியோ, வண்டியைத் தட்டுகள் மேல் ஓட்டி பிரேக் பிடித்துப் பார்க்கும் பிளேட் டெஸ்டரிலோதான் பார்க்க வேண்டும். ஹேண்ட்பிரேக்குக்குக் குறைந்தது 16 சதவீதம் பிரேக் திறன் வர வேண்டும். நேரம் பதியும்போதே "நிரந்தர நான்கு சக்கர இயக்கம், ரோலர் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் சேஸிஸின் பின்பகுதித் துருவை முன்னாலேயே தட்டிப் பார்த்துவிடுங்கள்.