எட்டுப் பக்கம் எங்கே?

புதன்கிழமை ராத்திரி வரை அந்தக் கட்டுரை ஆய்விதழின் தளத்தில் இருந்தது. வியாழக்கிழமை காலையில் இல்லை. பொருளடக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு கட்டுரை 112-ஆம் பக்கத்தில் முடிகிறது, அடுத்தது 121-இல் தொடங்குகிறது. நடுவில் எட்டுப் பக்கத்தைக் காணோம். ஏன் காணோம் என்று ஒரு வரி கிடையாது.

விஷயம் இங்கே பலருக்கும் தெரியும், ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருப்பதுதான். ஓர் ஆய்வு மாணவி எழுதிய இயலை இன்னொருவர் தன் கட்டுரையாக அந்த இதழில் போட்டுவிட்டார். அந்தப் பெண்ணின் பெயரையோ, மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன் என்று அவள் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை வாங்கிப்போனவர் பெயரையோ, இதழின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. பின்னூட்டத்திலும் யாரும் எழுத வேண்டாம். எனக்குப் பொறுக்காதது ஆசிரியர் குழு அவளுக்கு அனுப்பிய பதில். “கட்டுரை நீக்கப்பட்டுவிட்டது. இத்துடன் இது முடிந்ததாகக் கருதுகிறோம்.” அவ்வளவுதான்.

யாருக்கு முடிந்தது?

நீக்குவது வேறு, திரும்பப் பெறுவது வேறு. திரும்பப் பெறுவது என்றால் கட்டுரை இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் மேல் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று எழுதியிருக்கும். யார் திரும்பப் பெற்றார்கள், எதற்காக என்று தனியாக ஓர் அறிவிப்பு வரும், அதை யாரும் இலவசமாகப் படிக்கலாம். சட்டச் சிக்கல் மாதிரி அபூர்வமான காரணம் இருந்தால்தான் முழுக்க எடுப்பார்கள், அப்போதும் ஏன் எடுத்தோம் என்று எழுதுவார்கள். 1997-இல் தொடங்கிய ‘கோப்’ என்ற பதிப்பு நெறிமுறைக் குழு இதைத்தான் சொல்கிறது. அந்தக் குழுவின் நெறிகளைப் பின்பற்றுவதாக இந்த இதழும் தன் முகப்பில் போட்டிருக்கிறது. பின்பற்றுகிறவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்தை உருவ மாட்டார்கள்.

“அதான் எடுத்துவிட்டார்களே, இன்னும் என்னம்மா வேண்டும்?” என்று நான் மதிக்கிற ஒருவர் போனில் கேட்டார். சார், அச்சுப் பிரதி எத்தனையோ கல்லூரிகளுக்குப் போய்விட்டது. கூகுள் ஸ்காலரில் தலைப்பு அப்படியே கிடக்கிறது. அந்தக் கட்டுரை வந்தது ஜூனில், அவள் ஆய்வேடு கொடுத்தது டிசம்பரில். தேதியை மட்டும் பார்க்கிற ஒருவர் யாரைத் திருடி என்பார்? அறிவிப்பு வராத வரைக்கும் அவள்தான் திருடி.

எனக்கு இது படித்துத் தெரிந்ததில்லை.

2012-இல் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத் தொழிலாளர்களின் வழக்குச் சொற்களைச் சேகரித்துக்கொண்டிருந்தேன். தெப்பம், பாத்தி, தட்டுமேடு, அம்பாரம் என்று நோட்டு நோட்டாக எழுதினேன். விடிவதற்கு முன்னால் போனால்தான் பேச முடியும். வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளையில் கண்ணையே திறக்க முடியாது. உப்பில் நின்று நின்று உள்ளங்கால் வெடித்துப்போன ஓர் அக்கா, தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு எனக்காகக் கால் மணி நேரம் நிற்பார். அவருக்கு வயது 47. மறு வருடம் கருத்தரங்கக் கட்டுரையைத் தட்டச்சு செய்யும்போது தகவலாளர் பட்டியலில் 74 என்று அடித்துவிட்டேன். ஆய்வுக்கோவை அச்சாகி வந்த அப்புறம்தான் பார்த்தேன். ஆய்வேட்டில் திருத்திக்கொண்டேன்.

2015-இல் ஓர் இதழில் நெய்தல் நிலத் தொழிற்சொற்கள் பற்றி ஒரு கட்டுரை வந்தது. என் சொற்கள், என் வரிசை, என் வாக்கியங்கள். நாமாகக் கற்பனை செய்துகொள்கிறோமோ என்று சந்தேகத்தோடு கடைசிப் பக்கத்துக்குப் போனால், தகவலாளர் பட்டியலில் அந்த அக்கா. வயது 74. எழுபத்து நாலு வயதில் ஒரு பெண் உப்பளத்தில் தலைச்சுமை தூக்குவது எழுதியவருக்கு உறுத்தவே இல்லை. அவர் அந்தப் பக்கம் போயிருந்தால் உறுத்தியிருக்கும்.

பதிவுத் தபாலில் மூன்று கடிதம் போட்டேன். பதில் வரவில்லை, ஆனால் மூன்றாவது கடிதத்துக்கு அப்புறம் கட்டுரை தளத்திலிருந்து மறைந்தது. நியாயம் கிடைத்துவிட்டதென்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி சந்தோஷப்பட்டேன். அடுத்த வருடம் ஒரு நேர்முகத் தேர்வில், நிபுணராக வந்தவர் அந்த இதழின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, “இதை ஏற்கெனவே ஒருவர் எழுதியிருக்கிறாரே, பட்டியல்கூட அப்படியே இருக்கிறதே” என்று கேட்டார். இதழே அதை எடுத்துவிட்டது என்றேன். “அதற்கு ஏதாவது எழுத்தில் இருக்கிறதா?” என்றார். ஒரு துண்டுக் காகிதம் இல்லை என்னிடம். என் ஆய்வுக்கோவை வீட்டு அலமாரியில் இருந்தது. இவர்கள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை. இதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறையில் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எடுத்தால் போதாது. ஏன் எடுத்தோம் என்று எழுதுங்கள்.

“வெளிநாட்டில் நடக்காததா?” என்று கேட்கிறார்கள். நடக்கிறது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரையை லான்செட் என்ற மருத்துவ இதழ் 1998-இல் வெளியிட்டது. பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதியது. அதைத் திரும்பப் பெற 2010 ஆயிற்று. பன்னிரண்டு வருடத் தாமதம் வெட்கக்கேடுதான். ஆனால் இன்றைக்குப் போய்த் தேடினாலும் கட்டுரை அங்கேயே இருக்கிறது, திரும்பப் பெறப்பட்டது என்ற முத்திரையோடு. வைலி என்ற பதிப்பகம் வாங்கிய ஹிந்தாவி நிறுவனத்தின் இதழ்களில் 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். கடைசியில் ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடும்படி ஆனது. அவர்களை நான் யோக்கியர்கள் என்று சொல்லவில்லை. அத்தனை ஆயிரத்துக்கும் அறிவிப்பு போட முடிகிறது, இங்கே எட்டுப் பக்கத்துக்கு நாலு வரி எழுத முடியவில்லை.

“சிற்றிதழ் மாதிரி கைக்காசு போட்டு நடத்துகிறார்கள், பாவம்” என்பது இன்னொன்று. அப்படி நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இந்த இதழ் ஒரு கட்டுரைக்கு எழுதியவரிடமே 2,500 ரூபாய் வாங்குகிறது. அப்புறம், நாலு வரி அறிவிப்புக்கு என்ன செலவு?

“அவருக்கும் குடும்பம் இருக்கிறது, வாழ்க்கை போய்விடும்” என்பதற்கு நான் நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. அவளுக்கும் குடும்பம் இருக்கிறது.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது கிளப்புவார்கள். ஆம், 2014-இல் நானும் 1,500 ரூபாய் கட்டி ஒரு கட்டுரை போட்டேன். ஆய்வேடு கொடுக்க ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அனுப்பிய இரண்டாவது நாளே ‘ஏற்கப்பட்டது’ என்று பதில் வந்தது, யாரும் படித்ததற்கான அடையாளமே இல்லை. தப்புதான். என் விவரக்குறிப்பிலிருந்து அதை எடுத்துப் பல வருடமாகிறது. இதற்காக என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் காசு கட்டினவள் என்பதால் என் நோட்டை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது.

விதிகளைப் பற்றிச் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2017-இல் ஏற்கத்தக்க இதழ்களுக்கு ஒரு பட்டியல் போட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கியது. 2019-இல் அதற்குப் பதிலாக ‘கேர்’ என்ற புதிய பட்டியல் வந்தது. உடனே கேர் இதழ்களின் பெயரிலேயே போலித் தளங்கள் முளைத்தன. 2022-இல் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயமில்லை என்று விதி மாறியது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலே போய்விட்டது, இனி கல்லூரிகளே தரம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இத்தனை மாற்றத்திலும், திருட்டுப் போனவள் யாரிடம் போய் நிற்பது என்பதற்கு எனக்கு ஒரு தெளிவான வழி தெரியவில்லை. திருட்டை மென்பொருள் பிடித்துவிடும் என்கிறார்கள். தமிழில் எவ்வளவோ பழைய ஆய்வேடுகள் பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. யாராவது யூனிகோடில் திருப்பித் தட்டச்சு செய்துவிட்டால் மென்பொருளுக்கு அது பெரும்பாலும் புதுக் கட்டுரைதான்.

நெறியாளர் அவளிடம் சொன்னது என்ன தெரியுமா? “பெரிதுபடுத்தாதே. நாளைக்கு உனக்கு வேலை வேண்டாமா?” இதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் நெறியாளரும் 2015-இல் இதே வார்த்தையைத்தான் சொன்னார். பெரிதுபடுத்தாதே. மூன்று வருடம் ஊர் ஊராகப் பஸ்ஸில் அலைந்து, ஸ்காலர்ஷிப் வராத மாதத்தில் அம்மாவின் வளையலை வைத்து, ஒரு பெண் எழுதுகிற இயல் அது. அது சின்ன விஷயமாக இருந்திருந்தால் இன்னொருவர் ஏன் எடுத்துக்கொண்டு போகிறார்?

ஆசிரியர் குழுவில் இருக்கும் இரண்டு பேர் இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்று தெரியும். ஒருவர் எனக்கு எம்.ஏ.வில் இலக்கணம் நடத்தியவர். ஐயா, 113-லிருந்து 120 வரைக்கும் உள்ள பக்கங்களைத் திரும்பத் தளத்தில் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் திரும்பப் பெறப்பட்டது என்று போடச் சொல்லுங்கள். யாருடைய ஆய்வேடு, எந்த இயல், எத்தனை பக்கம் என்று எழுதி, ஆசிரியர் குழுவின் பெயரில் அடுத்த இதழிலும் அச்சிடுங்கள். அந்த அறிவிப்பின் ஒரு பிரதியைக் கையெழுத்துப் போட்டு அவளுக்குக் கொடுங்கள்.

அடுத்த மாதம் 9-ஆம் தேதி அவளுக்கு வைவா, ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. அந்தக் காகிதம் அன்றைக்கு அவள் கையில் இருக்க வேண்டும்.