மார்வெல் படத்துக்கு ஸ்டூவர்ட் ஹால் எதற்காம்?

வியாழக்கிழமை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் மாணவி பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாலை வைத்து எழுதிய ப்ராஜெக்டைப் புரட்டிவிட்டு, "மார்வெல் படத்துக்கெல்லாம் ஸ்டூவர்ட் ஹாலாம்மா?" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அவள் எடுத்துக்கொண்டது 'பிளாக் பேந்தர்' (2018) படத்தின் மியூசியம் காட்சி. லண்டன். கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் வில்லன் கில்மாங்கர் நிற்கிறான். இது எங்கிருந்து வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று காப்பாட்சியர் அம்மாவிடம் கேட்கிறான். அவரும் சொல்லிக்கொண்டே வருகிறார். ஒரு கோடரியைக் காட்டி, மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின், ஏழாம் நூற்றாண்டு என்கிறார். பெனினில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் எடுத்ததுதான், ஆனால் அது வகாண்டாவுடையது (படத்தில் வரும் கற்பனை ஆப்பிரிக்க நாடு) என்கிறான் அவன். உங்கள் முன்னோர் இதையெல்லாம் நியாயமான விலை கொடுத்தா வாங்கினார்கள் என்றும் கேட்கிறான். அவன் உள்ளே வந்ததிலிருந்து காவலாளிகளின் கண் அவன் மேல்தான். அதையும் அவனே சொல்லிக் காட்டுகிறான்.

பெயர்ப்பலகையை எழுதுவது யார், யார் யாரைக் கண்காணிக்கிறார்கள்? காட்சியே இதைப் பற்றியதுதான் ஐயா. அனுப்புகிறவர் ஏற்றிவிட்ட அர்த்தத்தைப் பார்ப்பவர் அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்கலாம், எதிர்த்தும் வாசிக்கலாம் என்று ஹால் 1973-லேயே எழுதினார். கில்மாங்கர் அந்தக் கோடரியை எதிர்த்து வாசிக்கிறான். கோட்பாடு காட்சிக்குள்ளேயே இருக்கிறது. அவள் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை.

கற்பனைக் கோடரிக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்பீர்கள். கோடரி கற்பனை, சரி. 1897-ல் பிரிட்டிஷ் படை பெனின் நகரத்தைச் சூறையாடியதும் கற்பனையா? அங்கிருந்து போன வெண்கலச் சிற்பங்கள் பல இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. திருப்பிக் கேட்டால், மியூசியம் தன் பொருளை வெளியே கொடுப்பதைத் தடுக்கும் 1963-ஆம் வருடச் சட்டத்தை நீட்டுகிறார்கள்.

டிஸ்னி காசு பார்க்க எடுத்த படம் என்பீர்கள். ஆமாம். அதைத்தானே அவள் எழுதியிருக்கிறாள்! நியாயமான கேள்வியை வில்லன் வாயில் கொடுத்துவிட்டு, கையோடு அந்த அம்மாவை விஷக் காபியால் சுருண்டு விழவைக்கிறது படம். இனி அந்தக் கேள்வி கொலைகாரன் கேட்டது ஆகிவிடும். இதற்காகவே ஒரு அத்தியாயம் இருக்கிறது. தேர்வாளர் அதுவரை புரட்டவில்லை.

'படத்தைப் படமாகப் பாருங்கள்' கோஷ்டிக்கு வணக்கம்.

பள்ளிச் சுற்றுலாவில் எழும்பூர் மியூசியத்தில் ஆந்திராவின் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்தேன். லண்டனிலும் கொஞ்சம் இருக்கிறது என்றார் ஆசிரியர். அங்கே எப்படி சார் போச்சு என்று கேட்டதற்கு, "வாயை மூடிக்கிட்டு வரிசையில வா" என்றார். அன்றும் எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கத்து ஆங்கிலத் துறையில் ஷேக்ஸ்பியரின் சூனியக்காரிகளைப் பற்றி வருடாவருடம் ப்ராஜெக்ட் வருகிறது. அங்கே யாரும் சிரித்துப் பார்த்ததில்லை. தமிழ் டப்பிங்கில் படம் பார்த்த பெண் ஹாலின் பெயரைச் சொன்னால் மட்டும் சிரிப்பு வந்துவிடும், இல்லையா?

தேர்வாளர் மதிப்பெண் போட்டாயிற்று, அதில் நான் தலையிட முடியாது. அவர் வெளியாள், அன்று மாலையே ரயிலேறிப் போய்விட்டார். கூடச் சேர்ந்து சிரித்தவர்கள் அடுத்த நாள் காலை அவள் வகுப்புக்குப் பாடம் நடத்தப் போனார்கள்.