கரப்பானுக்கும் ரத்தம் உண்டு
'கரப்பானுக்கு ரத்தமே இல்லை, அதான் தலை போனாலும் சாகவில்லை' என்று சிலர் சொல்வதில் பாதிதான் சரி. நசுக்கினால் வெளியே வருவதில் அதன் ரத்தமும் (ஹீமோலிம்ஃப்) கலந்திருக்கிறது. ஹீமோகுளோபின் இல்லாததால் சிவப்பாக இருக்காது, அவ்வளவுதான்.

முதுகோரம் 13 அறை கொண்ட குழாய் இதயம். அறைகளின் பக்கத் துளைகள் வழியாக உள்ளே வரும் ரத்தத்தை அது தலைப்பக்கம் தள்ளும். அங்கிருந்து உடற்குழிக்குள் கொட்டி உறுப்புகளை நேரடியாக நனைக்கும். நமக்கிருப்பது போல் தந்துகி (மிக மெல்லிய ரத்தக்குழாய்) வலை கிடையாது, அழுத்தமும் மிகக் குறைவு. அதனால் கழுத்து அறுந்தால் பீய்ச்சி அடிக்காது, வெட்டுவாய் சீக்கிரம் உறைந்துவிடும்.

ஆக்சிஜனை ரத்தம் சுமப்பதில்லை. உடலின் இருபுறமும் உள்ள 10 ஜோடி சுவாசத் துளைகள் வழியே காற்று நேராகத் திசுக்களுக்குப் போகிறது. மூச்சுக்குத் தலை தேவையில்லை. ஆனால் சாகாது என்பது தப்பு: குடிக்க வாயில்லாமல் வறண்டு செத்துவிடும்.