தினம் ஒரு ரீல் தனி ஆளுக்கு ஆகுமா?

சிறு வியாபாரிகள் இணையத்தில் விளம்பரம் செய்வது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். தினம் ஒரு ரீல் (குட்டி வீடியோ), வாரம் ஒரு விளம்பரம், ஐந்து சமூக ஊடகத் தளங்களில் கணக்கு என்கிறது அது. ஆள் வைத்து நடத்தும் கடைக்குச் சரி. வறுப்பது, அரைப்பது, பொட்டலம் போடுவது, கூரியருக்கு ஓடுவது எல்லாம் ஒரே ஆள் என்றால் நடக்கிற காரியமா?

நான் வீட்டிலிருந்து இட்லிப் பொடி, பருப்புப் பொடி விற்கிறேன். எனக்குச் சோறு போடுவது வாட்ஸ்அப் பிசினஸ்தான். சிறு வியாபாரிகளுக்கென்று 2018-இல் வந்த இலவசச் செயலி. அதிலுள்ள கேட்டலாக்கில், அதாவது பொருள் பட்டியலில், படம், எடை, விலை மூன்றையும் போட்டுவிட்டால் "கால் கிலோ எவ்வளவுங்க?" என்ற கேள்வி குறையும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். இது தெரியாமல் "யாருமே பார்க்கவில்லை" என்று புலம்புபவர்கள் நிறைய. அதனால் பொட்டலத்தோடு ஒரு சீட்டு வைக்கிறேன்: "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்து அரைக்கும்போது சொல்கிறோம்."

கடை வாசல் உள்ளவர்கள் முதலில் கூகுள் பிசினஸ் புரொஃபைலை, அதாவது கூகுளில் தேடினால் வரும் கடை விவரத்தை, சரிசெய்யட்டும். அதுவும் இலவசம். தீபாவளிக்கு மறுநாள் விடுமுறை என்றால் அதையும் போட வேண்டும். பூட்டிய கடைக்கு வந்தவர் ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போவார், அப்புறம் சமாதானம் சொல்லிப் பயனில்லை.

பதிவைக் காசு கட்டிப் பலருக்குக் காட்டும் 'பூஸ்ட்' பொத்தானை அழுத்துவதானால் டெலிவரி போகும் சுற்றளவை மட்டும் தேர்ந்தெடுங்கள். விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. கட்டுரையில் போட்டிருக்கும் பட்ஜெட் கணக்கில் அதைக் காணோம்.