அதே 52 விநாடிதான்

சில வருடங்களுக்கு முன்னால் நண்பன் ஒருவன் குறும்படம் எடுத்தான். எடிட்டிங்கில் கூடமாட ஒத்தாசைக்கு நான். பெரிய கதையெல்லாம் இல்லை. அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் அம்மா பீரோவைத் திறந்து அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைக்கிறார். ஒரே ஷாட், 52 விநாடி. காட்சி தொடங்கும்போதே வயலினை ஏற்றிவிட்டோம். போட்டுக் காட்டியவர்களில் பாதிப் பேர் ஒரே மாதிரி சொன்னார்கள்: "நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தச் சட்டை சீன் இழுக்குது."

பத்து விநாடி வெட்டினோம். அப்போதும் இழுத்தது. கடைசியில் கடுப்பாகி, நண்பன் அந்த வயலினை நகர்த்தி, அம்மா ஒரு சட்டைப் பைக்குள் கைவிட்டுப் பழைய பஸ் டிக்கெட்டை எடுக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தான். 38ஆவது விநாடி. அதுவரை மின்விசிறிச் சத்தமும் பீரோக் கதவின் கிறீச்சும் மட்டும்தான். வெட்டிய பத்து விநாடியையும் திரும்பச் சேர்த்தாயிற்று. அதன்பிறகு ஒருவர்கூட இழுக்கிறது என்று சொல்லவில்லை.

எனக்குப் புரிந்தது இதுதான். வயலின் முதலிலேயே வந்துவிட்டால், இது அழ வேண்டிய இடம் என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. அதை வாங்கிக்கொண்ட பிறகு மிச்ச நேரத்தில் அவருக்கு வேலை இல்லை. இசை இல்லாதபோது அவரே சட்டையைப் பார்க்கிறார், காலர் தேய்ந்திருப்பதைப் பார்க்கிறார். நேரம் போவதே தெரிவதில்லை. வேகம் கத்திரியில் மட்டும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

அன்றிலிருந்து படம் பார்க்கிற பழக்கமே கெட்டுவிட்டது. இசை எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே நிற்கிறது என்று காது தேடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் பெரிய தொல்லை.

'96' படத்தை (2018) எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி ஒரே இரவு. இரண்டு பேர் சென்னைக்குள் சுற்றுகிறார்கள், பேசுகிறார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூட நாளிலிருந்து ராம் ஜானுவிடம் கேட்டுக்கொண்டே இருப்பது ஒரே பாட்டு, 'தளபதி'யில் (1991) வரும் 'யமுனை ஆற்றிலே'. மற்றப் பாட்டெல்லாம் பாடுவாள், அதை மட்டும் பாட மாட்டாள். இயக்குநர் பிரேம்குமார் அந்தப் பாக்கியைப் படத்தின் பிற்பகுதிவரை தீர்க்காமல் வைத்திருக்கிறார். நாம் பார்ப்பது இருவரின் பேச்சை, காத்திருப்பது பாட்டுக்காக. ராமின் வீட்டில் கரண்ட் போனதும் இருட்டில் அவள் பாட ஆரம்பிப்பாள். பக்கவாத்தியம் கிடையாது, வெறும் குரல். அவன் பதறியடித்துக்கொண்டு ஓடி வருவான். படம் முழுக்க வயலினால் நம்மை வருடிக்கொண்டிருந்த இசையமைப்பாளர் கோவிந்த் வசந்தா அங்கே ஒதுங்கி நிற்கிறார். அதன் கீழே மெலிதாக ஒரு கீபோர்டை விரித்திருந்தால்கூடக் காட்சி செத்திருக்கும். (வேறு சில இடங்களில் அந்த வயலின் கொஞ்சம் அவசரப்படுகிறது என்பது என் புகார். ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.)

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) வேறு வகை. பாட்டே இல்லாத படம். பின்னணிக்கு அவர் எடுத்துக்கொண்டது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) தொகுப்பின் இசையை. அதாவது அந்தப் படத்துக்கென்று போடாத இசை. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பி வருவார். பூசாத சுவர்களுக்கு நடுவே நடப்பார். முகமெல்லாம் பூரிப்பு. திரும்பும் வழியில் இறந்துபோவார். தியாகராஜரையும் ஜெர்மன் இசைமேதை பாக்கையும் (Bach) மனதில் வைத்து எழுதிய அந்த இசைக்குத் தாத்தா சாகப்போவது தெரியாது. அதனால் நமக்கும் முன்கூட்டியே தெரிவதில்லை. அவர் எவ்வளவு நேரம் நடக்கிறார் என்று நான் கணக்கே பார்த்ததில்லை.

ஃபிலிம் காலத்தில் 1000 அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம் ஓடும். ரீல் ரீலாகப் போட்டுப் பார்த்து, எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று குறித்துக்கொண்டு ஆர்.ஆர். (ரீ-ரெக்கார்டிங், அதாவது பின்னணி இசைப்பதிவு) செய்வார்கள். இப்போது எடிட்டிங்கின்போதே வேறு படத்து இசையைத் தற்காலிகமாக, டெம்ப் டிராக்காகப் போட்டு வெட்டுவது சர்வசாதாரணம். அது இயக்குநரின் காதில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இசையமைப்பாளர் என்ன கொண்டுவந்தாலும் "அந்த மாதிரி இல்லையே" என்பார். எந்தப் படத்தைப் போட்டாலும் ஒரே குழைந்த பியானோ கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். வெப் சீரிஸ்களில் இன்னும் மோசம். ஒருவர் தண்ணீர் குடிக்கவும் அடியில் ஒரு 'ம்ம்ம்ம்' ஓடிக்கொண்டிருக்கும். சீரியலாவது பரவாயில்லை, முகத்தை மூன்று தடவை காட்டி மூன்று தடவை 'டொய்ங்' போட்டுவிட்டு ஆளை விட்டுவிடும். அடுப்படியிலிருந்தே கதை புரிந்துவிடும்.

நண்பனின் குறும்படத்தை வீட்டு டிவியில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். சட்டைக் காட்சி வந்ததும் "என்னடா, சத்தம் போயிடுச்சா?" என்று ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார். சோபா இடுக்கில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தவர், திரையில் பஸ் டிக்கெட் வெளியே வந்ததும் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.